காலனிக் காலக் குழிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

சிங்கப்பூரின் கிழக்குப் பக்கத்தில் ஃபோர்ட் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. பெயரில் கோட்டை உண்டு, ஆனால் அந்தக் கோட்டை எங்கே என்று கேட்டால் பல காலம் யாராலும் கைகாட்ட முடிந்ததில்லை. பிரிட்டிஷார் 1879-இல் கட்டி, 1901-இல் கைவிட்டு, மண்ணைப் போட்டு மூடிய தஞ்சோங் காத்தோங் கோட்டை அது. அதன் மேல் காத்தோங் பூங்கா வந்தது. கடலைத் தூர்த்து நிலம் எடுத்ததில் கரையும் தள்ளிப் போயிற்று. 2001-இல் புல்தரையில் கட்டுமானத்தின் விளிம்பு தலைகாட்டிய பிறகுதான் கோட்டை மறுபடி பேச்சுக்கு வந்தது. 2004-இல் முறையான அகழாய்வு தொடங்கி 2005 வரை நடந்தது. தொல்லியலாளர் லிம் சென் சியான் தலைமை தாங்கினார். மவுண்ட்பேட்டன் வட்டார மக்கள் முன்னின்று ஆதரவு திரட்டினார்கள். கரணை பிடித்து மண் சுரண்டியவர்களில் பெரும்பாலோர் தொண்டூழியர்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இப்படிப் பிள்ளைகளைக் குழிக்குள் இறக்குவது பற்றி இரண்டு பேச்சு உண்டு. வரலாற்றைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்த அரிய வாய்ப்பு என்பது ஒன்று. படம் பிடித்துப் போடுவதற்கான ஏற்பாடு, அசல் வேலையை நிபுணர்கள் பின்னால் வந்து செய்துகொள்வார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் குழியைப் பற்றியே பேசுகின்றன. காலனிக் கால அகழாய்வில் தொண்டூழியர்களால் உண்மையான பயன் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பயன் பெரும்பாலும் குழிக்கு வெளியே, கிடைத்த பொருளைக் கழுவும் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் கோட்டையின் கதை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையில் ஓடிய நீராவிக் கப்பல்களுக்குச் சிங்கப்பூர் தவிர்க்க முடியாத நிறுத்தமாயிற்று. 1870-களின் பிற்பாதியில் ரஷ்யக் கடற்படை குறித்த அச்சமும் சேர்ந்துகொண்டது. துறைமுகத்தின் மேற்கு வாசலைச் சிலோசோ கோட்டை பார்த்துக்கொள்ள, கிழக்கிலிருந்து வரும் கப்பல்களை மறிக்கத் தஞ்சோங் காத்தோங்கில் ஒரு கோட்டை என்று திட்டம் போட்டார்கள். வடிவமைத்தவர் ஹென்றி மெக்கல்லம். பின்னாளில் 1907 முதல் 1913 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தாரே, அதே ஆள்தான்.

கோட்டை சரிப்பட்டு வரவில்லை. மற்ற அரண்களிலிருந்து ஒதுங்கிய இடம், காலடியில் கடற்கரை மணல். அங்கே காவல் இருந்த சிப்பாய்களே அதற்கு ‘வாஷ் அவுட்’ (உதவாக்கரை) கோட்டை என்று கேலிப்பெயர் வைத்துவிட்டார்கள். இருபது சொச்சம் ஆண்டுகளில் மூடுவிழா நடந்தது. ஒரு பேரரசு கணக்குத் தப்பிக் கட்டியதைத்தான் நூறாண்டு கழித்துப் பிள்ளைகள் தோண்டினார்கள். வெற்றியின் நினைவுச்சின்னத்தைவிட இப்படிப்பட்ட இடத்தில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, இந்த வேலைக்குத் தொண்டூழியர்களை ஏன் நம்ப வேண்டியிருந்தது? இந்தியாவில் 1861 முதல் இயங்கிவரும் தொல்லியல் துறையைப் போல ஆட்களும் கிளைகளும் கொண்ட அரசுத் துறை எதுவும் சிங்கப்பூரில் இல்லை. 1984 ஜனவரியில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கெனிங் குன்றில் நடத்திய சிறிய அகழாய்வுதான் தீவில் நடந்த முதல் முறையான அகழாய்வு. அதற்கு முன்னால் கிடைத்தவை எல்லாம் தற்செயல். 1928-இல் அதே குன்றில் நீர்த்தேக்கம் கட்ட மண் வெட்டிய தொழிலாளர்கள் கையில் 14-ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் அகப்பட்டன. அதற்கும் முன்னால், 1843-இல், ஆற்று முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்து நின்ற பெரும் பாறையை வழியை அகலப்படுத்துவதற்காக வெடிவைத்துத் தகர்த்தே விட்டார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்று இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை இன்னும் யாரும் முழுதாகப் படித்தபாடில்லை.

1984-க்குப் பிறகும் சிங்கப்பூர்த் தொல்லியல் பெரும்பாலும் அவசர வேலையாகத்தான் நடந்திருக்கிறது. கட்டடம் எழும்பப்போகிறது, அதற்குள் எடுத்ததை எடுத்துக்கொள், அவ்வளவுதான் அவகாசம். 2015-இல் எம்பிரஸ் பிளேஸில் நடந்த அகழாய்வில் மட்டும் சுமார் 3 டன் பொருள் வெளியே வந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தொல்லியலாளர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஊரில் 3 டன் ஓட்டாஞ்சல்லியையும் கண்ணாடித் துண்டையும் யார் கழுவுவது? ஓய்வுபெற்றவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், சனிக்கிழமை காலையில் வந்து நிற்கும் அலுவலகக்காரர்கள். தொண்டூழியம் இங்கே மேல்பூச்சு இல்லை, அது இல்லாவிட்டால் பாதி வேலை நடந்தே இருக்காது.

ஆனால் எல்லா இடத்திலும் எல்லாரையும் இறக்கிவிட முடியாது. 14-ஆம் நூற்றாண்டு மண் அடுக்கு மெல்லியது. மண்ணின் நிறம் லேசாக மாறுவதை வைத்துத்தான் ஒரு குழியையோ அடுப்படியையோ கண்டுகொள்ள வேண்டும். பழகாத கை அரை மணி நேரத்தில் அதை அழித்துவிடும். அகழாய்வில் ஒரு பக்கத்தைப் படிப்பதும் அதைக் கிழிப்பதும் ஒரே செயல், திரும்பப் படிக்க வழியில்லை. காலனிக் காலக் கோட்டை அப்படியில்லை. செங்கல்லும் கருங்கல்லும் காரையும் கொண்ட மதில், பதின்மூன்று வயதுப் பையனின் கரணைக்குக் கரைந்துவிடாது. கட்டியவர்கள் வரைபடமும் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தக் கொத்தளம் இங்கே இருக்க வேண்டும் என்று காகிதம் சொல்ல, அங்கே தோண்டி இருக்கிறதா இல்லையா என்று சரிபார்க்கலாம். வரைபடம் என்பது கட்ட நினைத்தது, மதில் என்பது கட்டியது. இரண்டுக்கும் இடையில் எங்கே வித்தியாசம் என்று தேடுவதே ஒரு ஆராய்ச்சி, அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய முடியும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காலனிக் காலக் குப்பையைப் படிக்கத் தெரிந்தால் அதுவே தன் வயதைச் சொல்லிவிடும். பழைய பானை ஓட்டைப் பார்த்துக் காலம் சொல்ல வருடக்கணக்கில் பழக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுப் புட்டிக்கு ஒரு விரலே போதும்.

புட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய மேடு தட்டுப்படும். இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் விழுந்த ஒட்டுக்கோடு அது. அடியில் தொடங்கிக் கழுத்தை நோக்கி விரலை ஓட்டிப் பாருங்கள். கையால் செய்த புட்டி என்றால் கோடு வாய்க்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். ஏனென்றால் உடம்பை அச்சுக்குள் ஊதிவிட்டு, வாயை மட்டும் தனியாகக் கண்ணாடிக் குழம்பு சுற்றிக் கையால் முடித்தார்கள். கோடு வாயின் விளிம்பு வரை ஏறிப் போனால் அது இயந்திரத்தில் வார்த்தது. முழுக்கத் தானாக இயங்கும் புட்டி இயந்திரத்தை அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் கொண்டுவந்தது 1903 வாக்கில், உலகெங்கும் பரவ இன்னும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே 1901-இல் கைவிட்ட ஒரு கோட்டையின் தரைமட்டத்தில் ஒட்டுக்கோடு வாய்வரை ஏறிய சாராயப் புட்டி கிடைத்தால், பெரும்பாலும் அது சிப்பாய் குடித்துப் போட்டதாக இருக்காது. பின்னால் வந்தவர் யாரோ போட்டது, அல்லது அந்த அடுக்கே யாராலோ கலைக்கப்பட்டது. அரைத் தானியங்கி இயந்திரங்கள் அதற்கு முன்பே இருந்ததால் இதற்கு விதிவிலக்குகள் உண்டுதான். ஆனால் கேள்வி கேட்கத் தொடங்க இது போதும். இந்தச் சோதனையைச் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டாம். செய்தவுடன் பிள்ளை ஒரு தொல்லியலாளர் கேட்கும் அதே கேள்விக்கு வந்துவிடுகிறாள்: இது இங்கே எப்படி வந்தது?

பீங்கானும் அப்படித்தான். தட்டின் அடியைத் திருப்பினால் முத்திரை இருக்கும். பிரிட்டிஷ் பொருள்களில் சாய்சதுர வடிவப் பதிவுக் குறி இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் இடைப்பட்ட வடிவம், வெறும் பதிவு எண் என்றால் 1884-க்குப் பின். ‘இங்கிலாந்து’ என்று நாட்டுப் பெயர் பொறித்திருந்தால் அநேகமாக 1891-க்குப் பின். அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று போட்ட சட்டம் உலகம் முழுவதும் தட்டுகளின் அடிப்பக்கத்தை மாற்றிவிட்டது. வாஷிங்டனில் போட்ட சுங்கச் சட்டம் ஆசியாவின் ஒரு குப்பைக்குழிக்குத் தேதி குறிக்க உதவுகிறது. அப்புறம் நம் எல்லாருக்கும் தெரிந்த கோலி சோடாப் புட்டி. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. கோலிக்குண்டு வைத்த கழுத்துத் துண்டு ஒன்று கிடைத்தால், அந்த அடுக்கு 1872-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

இப்படி ஓர் அடுக்கின் காலத்தைக் கீழிருந்தும் மேலிருந்தும் நெருக்கிக்கொண்டே வருவதுதான் தொல்லியலின் அன்றாட வேலை. புதையல் தேடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தங்கக்காசு கிடைக்கும் என்று வருகிற பிள்ளை முதல் மணி நேரத்திலேயே சலித்துப் போவான். புட்டியின் கோட்டைத் தடவக் கற்றுக்கொண்டவனுக்குச் சலிப்பு வர நேரம் பிடிக்கும்.

இனி வாளிப் பக்கம் வருவோம். ஒரு நாள் தோண்டினால் அதற்குப் பின்னால் பல நாள் வேலை காத்திருக்கும். சலித்தெடுத்த பொருள் ஒவ்வொன்றும் பைக்குள் போகும், பையோடு ஒரு சீட்டும் போகும்: இடம், குழி எண், அடுக்கு எண், தேதி. பைக்கு வெளியிலும் அதையே எழுதுவார்கள், மழையில் ஒன்று அழிந்தால் மற்றொன்று மிஞ்சும் என்ற முன்னெச்சரிக்கை. பிறகு கழுவுதல். பல் துலக்கும் பிரஷ்தான் கருவி. முகப்பைவிட உடைந்த விளிம்பைக் கவனமாகத் தேய்க்கச் சொல்வார்கள். களிமண் என்ன மாதிரி, எவ்வளவு சூட்டில் சுட்டது என்பதெல்லாம் உடைந்த இடத்தில்தான் தெரியும். இரும்பைத் தண்ணீரில் போடக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பையைத் திறக்கவே கூடாது. கழுவியதைத் தட்டில் சீட்டோடு காயவைத்து, வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு, பட்டியலில் ஏற்றுவார்கள்.

இதில் எதற்கும் பட்டம் தேவையில்லை, பொறுமையும் நேர்மையும் போதும். சீட்டு இல்லாத பை ஒன்று கிடைத்தால், “எனக்கு நினைவிருக்கிறது, அது மூன்றாம் குழி” என்று ஊகித்து எழுதாமல், “தெரியவில்லை” என்று எழுதுகிற நேர்மை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத அழகான முழுத் தட்டைவிட, இடம் தெரிந்த நகத்தளவு சில்லு மேல். இது பழகியவர்களுக்கே உறைக்க நாளாகும்.

அதனால்தான் பள்ளிகள் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, ஒரு மணி நேரம் சுரண்டவிட்டு, தொப்பியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழியை மேற்பார்க்க வேண்டிய ஒரே நிபுணரும் அந்த ஒரு மணி நேரம் பிள்ளை மேய்க்கப் போய்விடுகிறார். பிள்ளைகளும் தோண்டுவதுதான் தொல்லியல் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அதே பிள்ளைகளில் எட்டுப் பேரை நாலைந்து வாரம் தொடர்ந்து வரவழைத்து, ஒரே குழியின் பொருளைச் சலிப்பது முதல் பட்டியல் போடுவது வரை செய்யவிட்டால் இரு தரப்புக்கும் லாபம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மணல் தொட்டியில் ஓடுகளைப் புதைத்து வைத்த போலிக் குழியே போதும். அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை, அங்கே தவறு செய்தால் எதுவும் அழியாது.

பாதுகாப்பும் சின்ன விஷயமல்ல. காத்தோங் போன்ற இடத்தில் மணல் சுவர் சரியும், மழை பெய்தால் குழி குளமாகும். சிங்கப்பூர் மண்ணுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமான வேலையின்போது இரண்டாம் உலகப்போர்க் குண்டு, 100 கிலோ, அகப்பட்டது. சுற்றுவட்டாரத்தாரை வெளியேற்றிவிட்டு அந்த இடத்திலேயே வெடிக்கவைத்தார்கள். ஆடம் பார்க் வட்டாரம் காலனிக் கால பங்களாக்கள் நிற்கும் இடம், 1942 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ்ஷயர் படைப்பிரிவு ஜப்பானியரோடு மோதிய களம். 2009 முதல் ஜான் கூப்பர் அங்கே போர்க்களத் தொல்லியல் ஆய்வு நடத்தினார், தொண்டூழியர்களும் மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உலோகம் தட்டுப்பட்டால் யார் தொடலாம், யார் கையைக் கட்டிக்கொண்டு பின்வாங்க வேண்டும் என்பது முதல் பாடமாக இருந்தாக வேண்டும். கல்லறை நிலங்களில் பிள்ளைகளை இறக்குவதும் வேறு கணக்கு. புக்கிட் பிரவுன் இடுகாட்டில் சாலைக்காகக் கல்லறைகளைத் தோண்டியபோது உறவுகள் உயிரோடு இருந்தார்கள், சடங்குகள் இருந்தன. கைவிட்ட கோட்டைக்கு அழுபவர் யாரும் இல்லை, பிள்ளைகளுக்கு அது தோதான இடமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிட்னியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ‘தி ராக்ஸ்’ பகுதியில் கம்பர்லண்ட் தெருவுக்கும் குளோஸ்டர் தெருவுக்கும் இடையில், கைதிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் குடியேறிய இடத்தை 1994-இல் தோண்டினார்கள். நூற்றுக்கணக்கான தொண்டூழியர்கள் வேலை செய்தார்கள், சுமார் 750,000 பொருள்கள் கிடைத்தன. 1900-இல் பிளேக் வந்தபோது அழுக்குச் சேரி என்று முத்திரை குத்தி, அதற்குப் பிறகு இடித்துத் தள்ளிய பகுதி அது. குழியில் வந்ததோ சீனப் பீங்கானும், பூவேலை செய்த தட்டுகளும், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களும். ஏழைகள்தான், ஆனால் அதிகாரிகள் எழுதி வைத்த மாதிரி வாழ்ந்தவர்கள் அல்லர். 2009-இல் அந்த இடத்தின் மேல் தூண்கள் நிறுத்தி இளைஞர் விடுதி ஒன்றைக் கட்டினார்கள். அடியில் வீட்டு அடித்தளங்கள் திறந்தபடி இருக்கின்றன, பள்ளிகளுக்கான கல்வி மையமும் அங்கேயே இருக்கிறது. ஆக, அகழாய்வு முடிந்தும் பிள்ளைகள் வர ஓர் இடம் மிஞ்சியது. காத்தோங்கில் மதில்களையும் கொத்தளங்களையும் பதிவு செய்த பிறகு பெரும்பகுதியை மறுபடி மூடிவிட்டார்கள். கொத்தளத்தின் ஒரு நுனிதான் பூங்காவில் தெரிகிறது. பாதுகாப்புக்கு மூடுவதே நல்லது, வெயிலும் மழையும் பழைய காரையை விட்டுவைக்காது. ஆனால் மூடிய பிறகு பள்ளிக்கூடம் எதைக் காட்டிப் பாடம் நடத்தும் என்ற கேள்விக்குச் சிட்னி கொடுத்த அளவுக்கு இங்கே விடை கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரன் கட்டிய கோட்டையை நம் பிள்ளைகள் எதற்குக் கொண்டாட வேண்டும் என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2019-இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு அடிகோலிய ராஃபிள்ஸ் வந்த 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது இதே விவாதம் எழுந்தது. சிங்கப்பூரின் கதையை 700 ஆண்டு பின்னுக்குக் கொண்டுபோய் அதற்குப் பதில் சொல்ல முடிந்ததற்கு முக்கியக் காரணம், 1984 முதல் குழிகளில் கிடைத்த சான்றுகள்தான். ஆனால் காலனிக் காலத்தைத் தோண்டுவது ஆண்டவர்களைத் தோண்டுவதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மெக்கல்லம் பெயர் காகிதத்தில் இருக்கிறது. அந்த மணலில் செங்கல் சுமந்தவர் யார், சிப்பாய்க்குச் சமைத்தவர் யார், அவர்கள் எந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டார்கள் என்பது கொத்தளத்தின் அளவைக் குறித்த வரைபடத்தில் இருக்காது. செண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள். முட்டை வெள்ளைக்கரு, சிப்பிச் சுண்ணாம்பு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் என்று நம் ஊர்ப் பக்குவத்தில் அரைத்த மெட்ராஸ் சுண்ணாம்பை அதற்குப் பூசினார்கள் என்பது எழுதி வைத்ததால் தெரிகிறது. எழுதாமல் விட்டதற்குச் சுவரும் குப்பைக்குழியும்தான் ஆதாரம். ஆங்கிலத் தட்டின் பக்கத்திலேயே மலிவான சீனக் கிண்ணம் கிடைத்தால், அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல் கொஞ்சம் நீளும்.

2021-இல் நாடாளுமன்றத்தில் தேசிய மரபுடைமைக் கழகச் சட்டத்தைத் திருத்தியபோது, தோண்டியெடுக்கும் தொல்பொருள் யாருக்குச் சொந்தம் என்பது முன்னைவிடத் தெளிவாயிற்று, அரசின் உரிமையும் உறுதியாயிற்று. தொண்டூழியர் கையில் அகப்பட்டாலும் கட்டுமான ஊழியர் கையில் அகப்பட்டாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது, நல்லதுதான். ஆனால் உடைமை அரசுக்கு வந்தால் கழுவி, எண்ணி, அறிக்கை எழுதி வெளியிடும் கடமையும் கூடவே வருகிறது. அறிக்கை வராத அகழாய்வு பாதி அழிவுதான். பைகள் கிடங்கில் இருக்கும், எந்தப் பையில் என்ன என்று தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகும். அடுத்த குழிக்கு ஆள் சேர்க்க அறிவிப்பு வரும்போது பதிவுப் படிவத்தில் தோண்டும் நாள்களோடு கழுவும் நாள்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும், இரண்டுக்கும் வர ஒப்புக்கொள்ளும் பள்ளிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.